ஈப்போவின் கத்தோலிக்கக் குடும்பமும் போரும்: சிபில் கார்த்திகேசுவின் நினைவுகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய ஆட்சிக்கு உட்பட்ட மலாயாவில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு (1899–1948) எழுதிய நினைவுநூல், பெரும்பாலும் வீரவரலாறாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அந்நூலை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வரலாற்றுச் சான்றாக வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. போருக்கு முந்தைய குடும்ப அமைப்பு, போர்க்காலத்தில் வீடு எதிர்ப்பின் களமாக மாறிய முறை, குடும்ப உறவே சித்திரவதைக்குக் கருவியாக்கப்பட்ட நிலை, போருக்குப் பின் அரசியல் மாற்றங்கள் நினைவுகளைத் தெரிவு செய்த விதம் ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன. தியாகம் என்னும் சமயச் சொல் ஒரு பெண்ணின் துணிவைப் புலப்படுத்தும் அதே வேளையில், அத்துணிவின் சுமையைத் தாங்கிய ஏனையோரை மறைக்கவும் செய்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நினைவுநூல், கத்தோலிக்கக் குடும்பம், மலாயா, ஜப்பானிய ஆட்சி, புலம்பெயர் தமிழர், அவசரகாலம்.

முன்னுரை

மலாயாத் தமிழரின் போர்க்கால அனுபவம் குறித்த தமிழ்ப் பதிவுகளில் இரண்டு நிகழ்வுகள் முன்னிற்கின்றன. ஒன்று, 1942–43ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பையும் உயிரையும் விழுங்கி உருவான சயாம்–பர்மா இரயில் பாதை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற புதினங்கள் அத்துயரை இலக்கியமாக்கியுள்ளன. மற்றொன்று, நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் தலைமையிலான இந்திய தேசிய இராணுவமும், அதன் ஓர் உறுப்பாக 1943இல் தோன்றிய ஜான்சி ராணிப் படையும். இவ்விரண்டிலும் போர் வீட்டுக்கு வெளியே நிகழ்கிறது. தொழிலாளி வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்படுகிறார்; படைவீராங்கனை வீட்டைத் துறந்து முகாமுக்குச் செல்கிறார்.

போர் வீட்டுக்குள்ளேயே நுழைந்து தங்கிவிட்ட அனுபவத்தைப் பேசும் பெண்ணெழுத்து மிகக் குறைவு. அக்குறைவான எழுத்துகளுள் சிபில் கார்த்திகேசுவின் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் ஆங்கில நூல் முதன்மையானது. ‘துளியும் இரக்கமின்றி’ எனப் பொருள்படும் இத்தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் இடம்பெறும் ஒரு சொற்றொடரை அடியொற்றியது. நூலாசிரியர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து, 1954இல் இலண்டனில் அது வெளிவந்தது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த மருத்துவரின் மனைவி, யுரேசியக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர், ஆங்கிலத்தில் எழுதியவர், சீனக் கெரில்லாக்களுக்கு மருத்துவம் செய்தவர் என்னும் பல அடையாளங்கள் அவரிடம் கூடியிருந்தன. தனியொரு இனவரலாற்றின் எல்லைக்குள் அவர் எளிதில் அடங்காமைக்கு இப்பன்மையே காரணம் எனலாம்.

அணுகுமுறை

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நினைவின் சமூகச் சட்டகங்கள் பற்றிய நூலில், குடும்பம், சமயக்குழு, வர்க்கம் ஆகிய மூன்றையும் தனிமனித நினைவுக்கு வடிவம் தரும் சட்டகங்களாக விளக்கினார். ஒருவர் எதை நினைவில் இருத்துகிறார் என்பதும், அதனை எவ்வரிசையில் எடுத்துரைக்கிறார் என்பதும் அவர் சார்ந்த குழுவின் மொழியால் தீர்மானிக்கப்படுகின்றன என்பது அவரது கருத்து. போர்க்காலத்தில் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு 1945இல் அவர் உயிரிழந்தார்.

சிபிலின் நூலில் இம்மூன்று சட்டகங்களும் ஒருங்கே செயல்படுகின்றன. தாய், மனைவி, மகள் என்னும் உறவுநிலைகள் குடும்பச் சட்டகம். செபம், இறைநம்பிக்கை, துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் ஆகியன சமயச் சட்டகம். ஆங்கிலம் கற்ற, மருத்துவத் தொழில் சார்ந்த, பிரிட்டிஷ் ஆட்சியின்பால் பற்றுக்கொண்ட நடுத்தர வர்க்கப் பார்வை மூன்றாவது. தமிழில் கத்தோலிக்கப் பெண்ணின் தன்வரலாறு என்றவுடன் பாமாவின் ‘கருக்கு’ (1992) நினைவுக்கு வரும். அங்குச் சாதி எவ்வாறு சமய அனுபவத்தை ஊடறுக்கிறதோ, அவ்வாறே இங்குப் போர் ஊடறுக்கிறது. சமய நிறுவனத்தின் மீதான விமர்சனம் ‘கருக்கு’ நூலை வழிநடத்துகிறது. சிபிலின் நூலை வழிநடத்துவது நம்பிக்கையின் மீதான பற்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இந்நூலைச் சான்றாக மதிப்பிட வேண்டும்.

போருக்கு முந்தைய குடும்பம்

சிபில், டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த சுமத்திராவின் மேடான் நகரில் 1899 செப்டம்பர் 3 அன்று பிறந்தார். தந்தை ஜோசப் டேலி, ஐரிய–யுரேசிய மரபைச் சேர்ந்த தோட்ட அதிபர். தாய் பியாட்ரிஸ் மட்டில்டா மருத்துவச்சியாகப் பணியாற்றியவர். குடும்பத்தின் ஒரே மகளான சிபிலும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். மகப்பேறு என்னும் பெண்ணுலகின் தொழிலறிவு தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் கெரில்லாக்களின் உடலிலிருந்து துப்பாக்கிக் குண்டுகளை அகற்றிய கைகள், அடிப்படையில் பேறுகாலம் பார்த்துப் பழகிய கைகளே.

அவர் மணந்த மருத்துவர், தைப்பிங் நகரைச் சேர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கணபதிப்பிள்ளை, தங்கம் ஆகியோரின் மகனான அவர் பிறப்பால் இந்து. மதவேறுபாட்டின் காரணமாகப் பெண்வீட்டில் தயக்கம் நிலவியது. தந்தையின் இசைவு கிடைத்த பின்னர், கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் பகுதியிலுள்ள புனித யோவான் ஆலயத்தில் 1919 சனவரி 7 அன்று திருமணம் நடைபெற்றது. மணமகன் அப்டன் கிளமென்ட் என்னும் கிறித்தவப் பெயரை ஏற்றார், ஏ.சி. கார்த்திகேசு என்றே பின்னாளில் அறியப்பட்டார். 1918 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்திருந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணப்பதைத் தடைக்குரியதாகவும், சிறப்பு அனுமதியின்பேரில் மட்டுமே நிகழக்கூடியதாகவும் வகுத்திருந்தது. அச்சூழலில் இத்திருமணம் இன எல்லை, மத எல்லை ஆகிய இரண்டையும் ஒருங்கே கடந்தது. ஆகவே இக்குடும்பத்தின் கத்தோலிக்கம் பிறப்பினால் மட்டும் அமைந்ததன்று, இணக்கத்தினால் கட்டியெழுப்பப்பட்டது.

போர் இக்குடும்பத்திற்குப் புதிதன்று. சிபிலின் மூத்த சகோதரர் மைக்கேல் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து 1915இல் கலிப்போலியில் உயிரிழந்தார். 1919 ஆகஸ்டில் பிறந்த தம் முதல் மகனுக்குச் சிபில் அச்சகோதரரின் பெயரையே சூட்டினார். அக்குழந்தை 19 மணிநேரமே வாழ்ந்தது. பின்னர் வில்லியம் என்னும் சிறுவனைத் தம்பதியர் தத்தெடுத்தனர். 1921இல் ஓல்காவும், 1936இல் டோனும் பிறந்தனர். இறந்த சகோதரரின் பெயர் குழந்தைக்கு இடப்படுதல், குழந்தையின் இழப்புக்குப் பின் பிறிதொரு குழந்தை மகனாக ஏற்கப்படுதல் என்னும் இவ்வரிசையில், இழப்பை உறவாக மாற்றிக்கொள்ளும் குடும்ப வழக்கம் தெளிவாகப் புலப்படுகிறது.

1926 முதல் ஈப்போவின் புரூஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் இருவரும் மருத்துவமனை நடத்தினர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் அவர்களிடம் மிகுதியாகச் சிகிச்சைக்கு வந்தனர். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். மருத்துவரைச் சீன மக்கள் தங்கள் மொழியிலேயே செல்லப்பெயரிட்டு அழைத்தனர். போர்க்காலத்தில் இக்குடும்பத்தின் மீது கெரில்லாக்கள் வைத்த நம்பிக்கைக்கு இந்த 15 ஆண்டுப் பழக்கமே அடித்தளம்.

பப்பான்: வீடு எதிர்ப்பின் களமாதல்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அம்மாத இறுதிக்குள் ஈப்போ வீழ்ந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம் அருகிலுள்ள பப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்கு இடம்பெயர்ந்து, அதன் பெரிய வீதியில் 74ஆம் எண் கடைவீட்டில் குடியேறியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் சரணடைந்தது. பிரிட்டிஷ் ஆட்சி அசைக்கவியலாதது என்னும் எண்ணம் 70 நாள்களில் தகர்ந்தது.

மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை என்னும் கெரில்லா அமைப்பு மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில் காடுகளில் உருவாயிற்று. அதில் சீனர்களே பெரும்பான்மையினர். காயமுற்றும் நோயுற்றும் இருந்த கெரில்லாக்கள் இரவில் காய்கறித் தோட்டத்தின் வழியாக வந்து பின்வாசலில் சிகிச்சை பெற்றனர். முன்வாசலில் ஊர்மக்களுக்கும் பின்வாசலில் காட்டுப் படையினருக்குமாக ஒரே வீடு இரண்டு மருத்துவமனைகளாகச் செயல்பட்டது.

இவ்வீட்டின் மற்றொரு இரகசியம் சிற்றலை வானொலி. பிபிசி செய்திகளைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில், மாடிப்படியின் அடியில் வானொலியை மறைத்து வைத்து, கேட்ட செய்திகளைச் சிபில் நம்பிக்கைக்குரியோருக்குத் தெரிவித்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பட்ட வானொலிகளுக்கு ‘ஜோசபின்’ என்று பெயரிட்டிருந்தனர். ஒரு பெண்பெயரைச் சூட்டியதால், அக்கருவியைக் குடும்ப உறுப்பினர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலவே பிறர் முன்னிலையிலும் பேச இயன்றது.

இங்குக் கவனத்திற்குரியது, எதிர்ப்புக்குப் பயன்பட்டவை அனைத்தும் இல்லறத்தின் பொருள்களே என்பது. பின்வாசல், காய்கறித் தோட்டம், மாடிப்படி, மருந்துப்பெட்டி, பிள்ளைகளுக்கிடும் பெயர் ஆகியன போரின் கருவிகளாயின. வீட்டைப் போரிலிருந்து காக்கும் அரணாகக் கருதும் பொதுவான பார்வைக்கு இது மாறானது. நோயாளியை இனமோ கொள்கையோ பார்த்துத் திருப்பியனுப்பலாகாது என்னும் மருத்துவ அறமும், அயலாரிடம் அன்புகூர வேண்டும் என்னும் கிறித்தவ அறமும் இவ்வீட்டில் ஒன்றாயின. இறைமறுப்புக் கொள்கையுடைய கம்யூனிஸ்டுகளுக்கும் கத்தோலிக்கப் பெண்ணொருவருக்கும் இடையே உருவான உறவை, கொள்கை ஒற்றுமையால் விளக்க இயலாது. நோயாளி–மருத்துவர் உறவே அதன் அடிப்படை.

குடும்ப உறவும் சித்திரவதையும்

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கணவர் முதலில் கைது செய்யப்பட்டார். ஆகஸ்டில் சிபிலும் கைதானார். வில்லியமும் தப்பவில்லை. ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய், கெரில்லாக்களின் விவரங்களையும் அவர்களுக்கு உதவியோரின் பெயர்களையும் கேட்டுச் சிபிலைத் தொடர்ந்து வதைத்தது. விசாரணையை நடத்தியவர் எக்கியோ யோஷிமுரா என்னும் சார்ஜன்ட். உடல்வதை பயனளிக்காதபோது யோஷிமுரா குடும்ப உறவைக் கருவியாக்கினார். ஏழு வயதை எட்டும் நிலையிலிருந்த இளைய மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டி, தாயின் கண்முன்னே அச்செயலுக்கு ஆயத்தம் செய்யப்பட்டது. மற்றோர் அதிகாரியின் தலையீட்டால் குழந்தை உயிர்பிழைத்தது. சிபில் பெயர்களைச் சொல்லவில்லை.

நூலின் மையம் இந்நிகழ்வே. பின்வந்த வாழ்க்கைக் குறிப்புகள் அனைத்தும் இதனைத் தாயின் தளராத வீரத்துக்குச் சான்றாக எடுத்துரைக்கின்றன. அது உண்மையும் ஆகும். ஆயினும் குடும்ப வரலாறு எழுதுவோர் வேறொரு வினாவையும் எழுப்ப வேண்டும். பெயர்களைச் சொல்லியிருந்தால் பப்பானின் பல குடும்பங்கள் அழிந்திருக்கும். சொல்லாமையால் அழியவிருந்தது தம் குழந்தை. அத்தராசின் ஒரு தட்டில் வைக்கப்பட்ட குழந்தைக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. தாய் தம் துன்பத்தை ஒப்புக்கொடுப்பதற்குக் கத்தோலிக்க மரபில் தியாகம், வேதசாட்சியம் என்னும் சொற்கள் உண்டு. மகனின் பாடுகளைக் கண்டு சிலுவையடியில் நின்ற வியாகுல மாதாவின் உருவமும் அம்மரபில் உண்டு. எனினும் பிறருக்காகத் தாய் ஏற்ற இடர் தம் பிள்ளையின் மீது இறங்கும்போது அதைக் குறிக்கத் தியாகம் என்னும் சொல் போதாது. ஒருவர் தம்மையே தியாகம் செய்யலாம். பிறரை அவ்வாறு செய்தல் வேறு.

சிபில் இதனை மறைக்கவில்லை என்பதே நூலின் நேர்மை. தாம் வென்றதாக மட்டும் எழுதக்கூடிய இடத்தில், குழந்தையின் அச்சத்தையும் தம் தத்தளிப்பையும் வாசகர் உணருமாறு அவர் பதிவு செய்கிறார். நெருக்கடியின் உச்சத்தில் செபமே அவருடைய மொழியாகிறது. அந்தச் செபம் விடையாக அமையவில்லை. விடையற்ற நிலையில் நிற்பதற்கான ஊன்றுகோலாகவே அமைகிறது. சமயச் சட்டகம் நினைவை எவ்வாறு தாங்குகிறது என்பதற்கும், எந்த இடத்தில் அது தன் எல்லையைத் தொடுகிறது என்பதற்கும் இப்பகுதி ஒருங்கே சான்றாகிறது.

பின்னர் சிபிலுக்கு ஆயுள் தண்டனையும், கணவருக்கு 15 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. பத்து காஜா சிறையில் சிபில் அடைக்கப்பட்டார். முதுகெலும்பில் ஏற்பட்ட காயத்தால் நடக்க இயலாதவரானார். ஒரே வீட்டின் மூவர் சிறைப்பட்ட நிலையில் வெளியே எஞ்சியவர்கள் முதியவர்களும் பெண்பிள்ளைகளுமே. மரவள்ளிக்கிழங்கே உணவாகிவிட்ட அப்பஞ்ச காலத்தில் அவர்கள் குடும்பத்தைக் கட்டிக்காத்த உழைப்பும் போர்க்கால எதிர்ப்பின் ஒரு பகுதியாகக் கருதத்தக்கது.

போருக்குப் பின்: நினைவின் எல்லை

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிபில் விடுவிக்கப்பட்டு, மருத்துவ சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்குதான் அவர் நினைவுகளை எழுதத் தொடங்கினார். யோஷிமுரா 1946இல் ஈப்போவில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணையில் மரணதண்டனை பெற்றார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். சில மாதங்களுக்குப் பின், கைதானபோது தாடையில் விழுந்த உதையால் ஏற்பட்ட பழைய காயம் நஞ்சாகி, 1948 ஜூன் 12 அன்று அவர் மறைந்தார். ஸ்காட்லாந்தின் லனார்க் நகரில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1949 மார்ச்சில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது.

நினைவுநூல் ஜப்பானிய ஆட்சியின் தொடக்கம் முதல் விடுதலை வரையிலான காலத்தையே தன் களமாகக் கொண்டுள்ளது. போருக்குப் பிந்தைய குடும்ப வாழ்வு அதில் இடம்பெறவில்லை. தாய் கடல் கடந்த மருத்துவமனையில், கணவரும் பிள்ளைகளும் ஈப்போவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே என்பதே அவ்வாழ்வின் நிலை. போர் முடிந்ததும் குடும்பம் மீண்டும் ஒன்றுகூடும் என்னும் எதிர்பார்ப்பு இங்கு நிறைவேறவில்லை. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டாகப் பிரித்துக் கூறத்தக்க வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. ‘பின்’ என்பது எழுதுவதற்குரிய காலமாகவே கழிந்தது.

இவ்விடத்தில் நாள்களின் வரிசை முக்கியமானது. 1946 சனவரியில் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பிரபு ஜப்பானிய எதிர்ப்புப் படைத் தலைவர்களுக்குப் பதக்கம் அணிவித்தார். சிபில் மறைந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜூன் 18 அன்று நாடு முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. அவர் மருந்திட்டுக் காத்த படையைச் சேர்ந்தோர் பலர் ஆட்சியின் எதிரிகளாக மீண்டும் காட்டுக்குள் சென்றனர். அவருடைய உடல் திரும்பிவந்ததும், நூல் அச்சேறியதும் 1960 வரை நீடித்த அந்த அவசரகாலத்திற்குள்தான்.

ஆகவே, காலனிய அரசு கொண்டாடத்தக்க ஒரு சிபில் உருவாக்கப்பட்டார். பிரிட்டிஷ் விசுவாசி, ஜப்பானியக் கொடுமையின் சாட்சி, கிறித்தவத் தியாகி என்பன அவ்வுருவத்தின் கூறுகள். கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களின் தாதி என்னும் கூறு, அவர் எவற்றுக்காகத் துன்புற்றாரோ அவற்றுள் முதன்மையானதாக இருந்தும், பின்தள்ளப்பட வேண்டியதாயிற்று. பெயர்களைச் சொல்ல மறுத்ததற்காகப் புகழப்பட்ட பெண்ணின் வரலாற்றில், அப்பெயர்களுக்கு உரியோர் பேசத்தகாதவராயினர். எதிரியின் முன் அவர் காத்த மௌனத்தின் மீது, நட்பு நாட்டின் அரசியல் வேறொரு மௌனத்தைப் போர்த்தியது.

தமிழ் வரலாற்று வாசிப்பில் இந்நூலின் இடம்

இந்நூலை மலாயாத் தமிழரின் போர்க்கால வரலாற்றோடு இணைத்து வாசிப்பதால் மூன்று பயன்கள் உள்ளன. முதலாவது, மலாயாத் தமிழர் ஒற்றைச் சமூகம் அல்லர் என்பது தெளிவாகும். தோட்டத் தொழிலாளர், நகர்ப்புறக் கூலிகள், இலங்கைத் தமிழ் எழுத்தர்களும் மருத்துவர்களும் ஆகியோர் போரை வெவ்வேறு நிலைகளில் எதிர்கொண்டனர். ஜப்பானை இந்திய விடுதலைக்குத் துணையாகக் கண்டவர்களும், கொடுங்கோலாகக் கண்டவர்களும் ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தில் வாழ்ந்தனர். இரண்டாவது, நூலின் வர்க்க எல்லை புலப்படும். எழுதும் கல்வியும், சிகிச்சைக்குப் பிரிட்டன் செல்லும் வாய்ப்பும், பதிப்பகத் தொடர்பும் சிபிலுக்குக் கிடைத்தன. சயாமுக்குச் சென்ற கணவரைத் தேடிய தோட்டப்பெண்ணுக்கு அவற்றுள் எதுவும் கிட்டவில்லை. அப்பெண்களின் நினைவுகள் வாய்மொழியாகவும் பிறர் எழுதிய புனைகதைகளின் வழியாகவும் மட்டுமே எஞ்சின. மூன்றாவது, கலப்புத் திருமணக் குடும்பங்களைத் தமிழ் வரலாற்றின் விளிம்பாகக் கருதாமல், புலம்பெயர் வாழ்வின் இயல்பான விளைவாகக் கருதும் பார்வை உருவாகும்.

ஈப்போவில் சிபிலின் பெயரில் ஒரு சாலை உள்ளது. பப்பானின் 74ஆம் எண் வீடு நினைவிடமாகப் பேணப்படுகிறது. அங்குப் பார்வையாளர் முதலில் காண விரும்புவது மாடிப்படியின் அடியிலுள்ள மறைவிடத்தையே. அதே வீட்டின் பின்வாசலும் அதற்கு இணையான வரலாற்றுச் சான்று. முன்னது உலகச் செய்தி வீட்டுக்குள் வந்த வழி. பின்னது அயலார் வந்த வழி.

முடிவுரை

சிபில் கார்த்திகேசுவின் நினைவுநூல், குடும்பமும் சமயமும் போருக்கு அப்பாற்பட்ட தனியுலகங்கள் அல்ல என்பதை நிறுவுகிறது. இல்லறத்தின் இடங்களும் பொருள்களும் எதிர்ப்பின் கருவிகளாயின. அதே இல்லறத்தின் பாசம் வதையின் கருவியாகவும் ஆக்கப்பட்டது. கத்தோலிக்க நம்பிக்கை அவருக்குத் துன்பத்தைத் தாங்கும் மொழியைத் தந்தது. அம்மொழியைக் கடன்வாங்கிய பிற்கால நினைவேந்தல்கள், தியாகி என்னும் ஒருவரை மட்டும் நிறுத்தி, மரத்தில் தொங்கவிடப்பட்ட குழந்தையையும், சிறைப்பட்ட தத்துமகனையும், பின்வாசலில் வந்த கெரில்லாவையும் பின்னணிக்குத் தள்ளின.

ஒரு பெண்ணின் நினைவை வரலாற்றுச் சான்றாக ஏற்பதென்பது அவரைப் போற்றுவதோடு முடிவதில்லை. அவர் யாருக்காகப் பேசாதிருந்தார், அப்பேசாமையின் விலையை யார் கொடுத்தனர், அவர் காத்த பெயர்களைப் பின்வந்த காலம் ஏன் மறந்தது என்னும் வினாக்களையும் அந்நினைவோடு சேர்த்து எழுப்ப வேண்டும். பதக்கமும் கல்லறையும் சாலைப்பெயரும் முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கின்றன. எஞ்சிய இரண்டுக்கும் விடை தேடுவது குடும்ப வரலாற்றாய்வின் பணியாகும்.